கண்ட்ராக்டரின் பிஸ்டலுக்கு விலை சொன்ன நாள்

தொண்ணூறுகளில் நான் மலாக்கா டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை செய்தேன். கெராணியாகத்தான் சேர்ந்தேன். தட்டச்சு, ரசீது, போலீஸ் அனுமதித் தாள்களை அடுக்கி வைப்பது, டெலிபோன் எடுப்பது. கடை ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பன்றி சுட, குரங்கு விரட்ட என்று தோட்டக்காரர்களும் டுரியான் பழத்தோப்பு வைத்திருப்பவர்களும் தோட்டா வாங்க வருவார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துபோனால் அவருடைய துப்பாக்கி எங்களிடம் வரும். பிள்ளைகளுக்கு அது சேராது. லைசென்ஸ் உள்ள கடைக்கு விற்க வேண்டும், இல்லையென்றால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

தவுக்கேக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு, வந்ததைப் பார்த்து விலை சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் மாடியில் விசிறிக்குக் கீழே படுத்திருப்பார். பாயா ரும்புட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து கடை திறந்தால், சாயங்காலம் வரை நான்தான். என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பக்கத்து வீட்டில் இருப்பார்கள். அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அசதிதான். இறந்தவர்களின் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவ்வளவுதான் போகும்" என்று உயிரோடு இருப்பவர்களிடம் சொல்வது லேசான வேலை இல்லை. துப்பாக்கி எண்ணெய் வாசனை கையை விட்டுப் போகாது. வீட்டில் சோறு பிசையும்போதும் அந்த வாசனை வரும்.

அந்த அம்மாளும் அவருடைய மகனும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வெளியே நல்ல வெயில். மகனுக்கு நாற்பது வயது இருக்கும். குருபோங்கில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்பது சட்டைப் பையின் மேல் தைத்திருந்த துணியிலிருந்து தெரிந்தது. அம்மாளுக்கு எழுபதை நெருங்கிய வயது. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவருடைய கணவர் இறந்து மூன்று நான்கு மாதம் ஆகியிருந்தது. டுரியான் துங்கால் பக்கம், நாங்கள் கித்தா என்று சொல்லும் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் கண்ட்ராக்டராக இருந்தவர். கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து தோட்டங்களைத் தாக்கிய காலத்தில் சம்பளப் பணத்தைக் கொண்டுவரத் துணைக்குப் போகிறவர் என்று துரை அவருக்கு ஒரு பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். காலம் மாறியும் அவர் அதை விடவில்லை. வருடா வருடம் புதுப்பித்து வைத்திருந்தார். இறந்ததும் குடும்பத்தார் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அனுமதித் தாளோடு அது, இவர்கள் வருவதற்கு முதல் நாளே எங்கள் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மகன் கடைக்குள் வந்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"தவுக்கே இல்லியா?"

"மேல இருக்காரு. நான்தான் பாக்கணும். உக்காருங்கண்ணே. அம்மா, இப்படி விசிறி பக்கம் வாங்க."

"நீங்களா பாக்கப்போறீங்க? துப்பாக்கிய?"

இதைக் கேட்காத ஆண்கள் குறைவு. "ஆமாண்ணே," என்று சொல்லிவிட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கப் போனேன்.

துணியை விரித்துப் பிஸ்டலை மேசையில் வைத்ததும் மகனுடைய முகம் மாறியது. "சின்னப் பிள்ளையில எங்க வீட்ட பிஸ்டல் வீடுன்னுதான் சொல்லுவாங்க," என்றார். "ஒரு பய எங்க வாசல்ல சத்தம் போட மாட்டான். அப்பா சனிக்கிழமை சாயங்காலம் இத எடுத்து வச்சித் தொடைப்பாரு. நாங்க எல்லாம் சுத்தி உக்காந்து பாப்போம். எங்க வேலை இடத்துல ஒருத்தன் சொன்னான், இந்த மாதிரி பழசு எல்லாம் வெளிநாட்டுக்காரன் அஞ்சாயிரம் வெள்ளிக்கு எடுப்பான்லா. சரியாப் பாத்துச் சொல்லுங்க."

அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்டலைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

பழைய பிஸ்டலுக்கு விலை சொல்ல நான் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொள்வேன். அப்புறம் நம்பர். உடம்பிலும், மேலே நகரும் பகுதியிலும், குழலிலும் அடித்திருக்கும் நம்பர் ஒன்றாக இருந்தால் அது பிறந்தபடியே இருக்கிறது என்று பொருள். இதில் மூன்றும் ஒன்றாக இருந்தன. பெல்ஜியத்தில் செய்தது, முதல் உலக யுத்தத்துக்கு முந்தியது. கைப்பிடியில் பதித்திருந்த கறுப்புத் தகடுகளில் வெடிப்பு இல்லை. குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே திருகு வரிகள் தெளிவாக ஓடின. அதிகம் சுடாத துப்பாக்கி. இதுவரை எல்லாம் விலையைக் கூட்டும் விஷயங்கள்தான்.

ஆனால் அது வெள்ளிக் கரண்டி மாதிரி பளபளத்தது. அந்தக் காலத்துப் பிஸ்டலுக்கு இரும்பின் மேல் ஒரு நீலக் கறுப்பு ஏற்றியிருப்பார்கள். சேர்த்து வைக்கிறவர்கள் தேடுவது அந்த நிறத்தைத்தான். பித்தளைக்குப் போடும் பாலீஷைப் போட்டுப் போட்டு, நாற்பது வருடமாகச் சனிக்கிழமை தோறும் தேய்த்து, கண்ட்ராக்டர் அந்த நிறத்தை முழுதாகக் கழற்றியிருந்தார். கம்பெனி எழுத்துகள்கூட விரலுக்குத்தான் தட்டுப்பட்டன, கண்ணுக்கு இல்லை. இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். உயிராக வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து வருவதுதான் பெரும்பாலும் விலை போகாது. மூலையில் போட்டு மறந்துவிட்டவன் வீட்டுச் சாமானுக்கு மதிப்பு கூடும். இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் பாடு.

அந்த நேரம் வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். மகன் காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார் போல. "ஒரு நிமிசம்மா, காடிய நவுத்திட்டு வந்திர்றேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தத் தெருவில் இடம் கிடைப்பது கஷ்டம். சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

நான் ஒரு பென்சிலை எடுத்தேன். கடைசியாகச் செய்யும் சோதனை அது. குழலை மேல் நோக்கிப் பிடித்து, அழிப்பான் உள்ள பக்கம் அடியில் போகும்படி பென்சிலைக் குழலுக்குள் நழுவ விட்டு, விசையை இழுக்க வேண்டும். தோட்டாவை அடிக்கிற ஊசி நன்றாக இருந்தால் அது பென்சிலை உதைக்கும். பென்சில் வெளியே குதிக்கும்.

இழுத்தேன். உள்ளே 'டிக்' என்று சத்தம் வந்தது. பென்சில் அப்படியே இருந்தது.

எண்ணெய் காய்ந்துபோய் ஊசி சிக்கியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் இழுக்கப் போனேன்.

"குதிக்காதும்மா," என்றார் அந்த அம்மாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அதுல ஊசி முனை இல்ல. நான்தான் ராவி விடச் சொன்னேன். முப்பது வருசம் இருக்கும்."

பிஸ்டலைத் துணிமேல் வைத்தேன். அவர் நான் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை. சந்தை விலையைச் சொல்வது போல, அவசரம் இல்லாமல், ஆனால் நிறுத்தாமல் சொன்னார்.

"ஒரு வருசம் திருவிழாவுல அவரு தம்பிக்கும் அவருக்கும் சண்டை. யாரு முன்னால காப்பு கட்டுறதுன்னு. தண்ணியப் போட்டுட்டு வந்து, கூடப் பொறந்த தம்பி நெஞ்சுல இத வச்சிட்டாரு. நாலு பேரு புடிச்சி இழுத்தாங்க. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. அலமாரிச் சாவி எப்பவும் அவரு அரைஞாண்ல கெடக்கும். அடுத்த வருசம் குடலிறக்கத்துக்கு ஆப்பரேசன்னு பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நான் இத ஒரு சாரத்துல சுத்தி, பால் வாளிக்குள்ள வச்சி, கித்தா ஆலைக்குக் கொண்டு போனேன். அங்க ஃபிட்டர் ஒருத்தரு. எனக்கு அண்ணன் மொறை வச்சிக் கூப்பிடுவேன். அவரு ஒரு வார்த்தை கேக்கல. கழட்டி, முனைய ராவி, மறுபடி பூட்டிக் குடுத்துட்டாரு. அவரும் செத்துப் பல வருசம் ஆச்சு."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாதாம்மா?"

அம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதுதான் எனக்குத் தெரியல. சொல்றேன் கேளு. கண்ட்ராக்ட்ட அவரு கையிலேருந்து எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்தாங்கல்ல, அந்தச் சமயம். ஒரு மாசம் போல வீட்ட விட்டு வெளிய போகல. யாரு கூடவும் பேச்சில்ல. ஒரு மத்தியானம் நான் துணி அலசிக்கிட்டு இருக்கேன். குளியலறைக்குப் பின்னால, தண்ணித் தொட்டி பக்கம் இந்தச் சத்தம். இப்ப நீ இழுத்த பாரு, அதே சத்தம். அப்புறம் துப்பாக்கி மேல்பக்கத்த இழுத்து விடுற சத்தம். மறுபடி ஒரு தடவ. நான் சவுக்காரக் கையோட அப்படியே நிக்கிறேன். கூப்பிடவும் முடியல, ஓடவும் முடியல. கொஞ்ச நேரம் கழிச்சி வந்தாரு. முகத்தக் கழுவினாரு. தேத்தண்ணி இருக்கான்னு கேட்டாரு. போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அடுத்த சனிக்கிழமை எடுத்து வச்சித் தொடைச்சாரு. எப்பவும் போல. தோட்டா ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு நெனச்சாரோ, இல்ல யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிக்கிட்டாரோ, என்னமோ. அவரும் கேக்கல. நானும் சொல்லல. அதுக்கப்புறம் இருவது வருசம் இருந்தாரு. பேரப்பிள்ளைங்கள எல்லாம் தூக்கினாரு."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"இவனுக்குத் தெரிய வேணாம். அப்பான்னா இவனுக்கு அது மட்டுந்தான். நீ விலையச் சொல்லு. ஊசிக்கும் சேத்துக் கழிச்சிட்டுத்தான் சொல்லணும். ஒடைஞ்ச சாமான நல்ல சாமான்னு வித்தேன்னு இருக்கக் கூடாது."

மகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் பென்சிலை எடுத்து மேசை விளிம்பில் வைத்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டேன். லைசென்ஸ் புதிதாக யாருக்கும் கிடைக்காத நாட்டில் பிஸ்டல் வாங்க ஆள் மிகக் குறைவு. கோலாலம்பூரில் அனுமதி வைத்துப் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் இரண்டொருவர் இருந்தார்கள். நிறம் அழியாமல் இருந்திருந்தால் அவர்களிடம் ஆயிரத்து ஐந்நூறு கேட்கலாம். நிறம் போனதால் அறுநூறு. ஊசி மாற்ற, அந்தக் காலத்து உருப்படி தேட, ஆள் கூலி. எல்லாம் போனால் நானூறு. கூட்டிச் சொல்லவும் எனக்கு வழி இல்லை, குறைத்துச் சொல்லவும் காரணம் இல்லை.

"நானூறு வெள்ளி தரலாம்ணே," என்றேன்.

மகன் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் முகம் இறுகியது. "நானூறா? ஏங்க, காடு வெட்டுற பாராங் கத்திகூட நல்லதா வாங்கினா நூறு வெள்ளி வருது."

நிறம் போன கதையைச் சொன்னேன். சேர்த்து வைக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள், பாலீஷ் என்ன செய்யும் என்று என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவருடைய அப்பா சனிக்கிழமைகளில் செய்ததையெல்லாம் நான் குற்றம் சொல்வது போல ஆகிவிட்டது.

"எங்கப்பா தொடைச்சி வச்சது தப்புங்கிறீங்க. நீங்க தவுக்கேயக் கூப்பிடுங்க. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

மணியை அழுத்தினேன். தவுக்கே படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். பிஸ்டலைக் கையில் வாங்கி, கண்ணுக்கு மிகப் பக்கத்தில் பிடித்து, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு விரலால் தடவினார். மலாயில் என்னிடம் எவ்வளவு சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். புருவத்தைத் தூக்கினார். நிறம் போனதற்கு மட்டும் அவ்வளவு குறையாது என்று அவருக்குத் தெரியும். மகனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹொக்கியன் சீனத்தில், உள்ளே ஊசி செத்துப்போச்சு என்று மட்டும் சொன்னேன். தவுக்கே அம்மாளின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும், வெள்ளையாக ஒரு உருவம் தெரிந்திருக்கும். வேறு எதுவும் கேட்கவில்லை. "எம்பாட் ராத்துஸ்," என்று நான் சொன்ன நானூறையே மலாயில் சொல்லிவிட்டு, பிஸ்டலை மேசையில் வைத்தார்.

மகன் எழுந்து நின்றுவிட்டார். "என்ன இது, எங்க முன்னாலேயே ரெண்டு பேரும் சீனத்துல பேசிக்கிறீங்க? எங்களுக்குப் புரியாதுன்னா? நீங்களும் தமிழாள்தானே. ஒரு தமிழாளு வந்தா நல்ல விலை வாங்கிக் குடுக்கணும்னு தோணலியா? உங்களுக்கு எவ்வளவு கமிசன்?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனி வரை வந்தது. அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "கமிசன் ஒண்ணும் இல்லண்ணே," என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வேண்டியது சாப்பிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் விட்டு வந்திருந்தேன். அவர் பேசப் பேச எனக்குக் கோபம் அடங்கி, எங்காவது உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

"இந்த விலைக்குக் குடுக்கிறதுக்கு, கவர்மெண்டுக்கே சும்மா குடுத்திட்டுப் போலாம். வாங்கம்மா."

அம்மாள் எழுந்திருக்கவில்லை. "அவரு எம் புருசன். பேப்பர்ல எம் பேருதான் இருக்கு," என்றார். "எனக்கு இது வீட்டுக்கும் வேணாம், கவர்மெண்டுக்கும் வேணாம். இந்தப் பிள்ளை சொன்ன விலை நல்ல விலை. நீ போயி காடியில இரு."

"அம்மா, உங்களுக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

"நீ போப்பா."

அவர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினார். கண்ணாடி அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டிகள் அதிர்ந்தன. தவுக்கே தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அம்மாள் தாளில் மெதுவாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ஊசிக்குக் கழிச்சிட்டல்ல?" என்று கேட்டார்.

"கழிச்சிட்டேம்மா."

"அப்ப சரி."

பணத்தை எண்ணாமல் கைப்பையில் வைத்தார். எழுந்தவர், மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுக் கிளாஸையும் குடித்தார். வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கை மிகவும் லேசாக இருந்தது. காரில் மகன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்ததும், திரும்பாமலே கையை நீட்டிக் கதவைச் சரியாகச் சாத்தினார். அதைப் பார்த்தபோது, அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் எனக்குப் போய்விட்டது.

பிஸ்டல் விற்கவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்தவர் ஒருவர் துணியை விரித்தவுடனே, "பாலீஷ் போட்டது," என்று மூடிவிட்டார். அவர் ஊசி வரை போகவே இல்லை. அது இரும்புப் பெட்டியின் கீழ்த்தட்டில் கிடந்தது. பிறகு தவுக்கேக்கு உடம்பு மோசமாகி, அவருடைய பிள்ளைகள் கடையை மூடினார்கள். விற்காமல் கிடந்ததையெல்லாம் போலீஸ் வந்து கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போனது. அதோடு அதுவும் போயிற்று. உருக்கிவிடுவார்கள் என்று சொன்னார்கள்.

கடை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு மகன் ஒரு தடவை தனியாக வந்தார். நான் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்காரலாமா என்று கேட்டார்.

"ஷா ஆலாம்ல ஒரு கடையில கேட்டேன்," என்றார். "பாலீஷ் போட்டதுன்னா முன்னூறுதான்னாங்க." கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். "அன்னைக்கு நான் ரொம்பப் பேசிட்டேன்."

"பரவால்லண்ணே. எல்லாரும் பேசுவாங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"எங்ககூடதான் இருக்காங்க, குருபோங்குல. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எப்பப் பாத்தாலும் தூக்கம். பகல்லேயும் தூங்குறாங்க. சின்னப் பிள்ளையிலேருந்து நான் எங்கம்மா பகல்ல படுத்துப் பாத்ததே இல்ல. ராத்திரிகூட எப்ப எழுந்து பாத்தாலும் முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. இப்ப பேரப்பிள்ளைங்க டீவியச் சத்தமா வச்சாலும் எழுந்திரிக்கிறதில்ல. டாக்டர்கிட்ட காட்டினேன். ரத்தமெல்லாம் எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லங்கிறாரு."

"சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறாங்க. எழுந்தா நல்லாப் பேசுறாங்க, சிரிக்கிறாங்க. அப்புறம் மறுபடி போயிப் படுத்துக்கிறாங்க. எனக்குத்தான் பயமா இருக்கு. எழுப்பி விடலாமான்னு தோணுது."

"எழுப்பாதீங்கண்ணே," என்றேன். "தூங்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு பழத்தோப்புக்காரர், தோட்டா வந்துவிட்டதா என்று கேட்டார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் எழுந்து, போய்வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, கதவைச் சத்தம் இல்லாமல் சாத்திக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.